உறக்கமும் மயக்கமும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



25 ஆண்டுகளுக்கு முன், வாடகைக் கொட்டகை ஒன்றில் இரவுப் பள்ளியாகத் தொடங்கிய இக்கழகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. கல்வியின் சிறப்பையும், வேலைவாய்ப்பின் வழிகளையும், உரிமைப் போராட்டத்தின் வரலாற்றையும் எடுத்துரைக்க இம்மேடையில் ஆன்றோர் பலர் உளர். அரசு மருத்துவமனையொன்றில் மருந்து வழங்கும் பணியில் பல்லாண்டுகள் இருந்தவர் என்பதனால், உடல்நலம் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு கழகத்தார் நம்மைப் பணித்தனர். எதைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணிப் பார்த்தோம். நம் குடியிருப்புகளில் ஓசையின்றி உயிர்களைக் கொண்டுபோகும் ஒரு கேட்டைப் பற்றிப் பேசுவதே கடமை என்று துணிந்தோம். தூக்க மாத்திரையையும் மதுவையும், அல்லது தூக்க மாத்திரையையும் வேறு மயக்கம் தரும் மருந்துகளையும், ஒருங்கே உட்கொள்வதால் வரும் கேடுதான் அது. விழா மேடையில் இது மங்கலமற்ற பேச்சு என்று எவரும் கருத வேண்டா. உயிரோடு இருந்தால்தானே கற்க முடியும்?

விடியலில் கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன், துப்புரவுப் பணியாளர் ஒருவரை விடியற்காலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயரும் ஊரும் இங்கே வேண்டா. பகலெல்லாம் சாக்கடை அடைப்பெடுக்கும் வேலை. அந்த நாற்றத்தைப் பொறுக்க வேலைக்கு முன்னும் குடிப்பார். அதை மறக்க வேலைக்குப் பின்னும் குடிப்பார். குடித்தும் உறக்கம் வரவில்லை என்று, எவரோ கொடுத்த தூக்க மாத்திரையைச் சில நாட்களாக விழுங்கி வந்தார். அன்றிரவும் அப்படியே செய்தார். பெருங்குறட்டை எழுந்தது. “பல நாள் கழித்து இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்குகிறார், எழுப்பாதீர்கள்” என்று மனைவி பிள்ளைகளை அடக்கி வைத்தார். நள்ளிரவுக்குப் பின் குறட்டை நின்றது. ஆழ்ந்த உறக்கம் என்றே அந்த அம்மையார் எண்ணினார். விடிந்தபோது உடல் குளிர்ந்திருந்தது.

அந்தத் தாயிடம் குற்றமில்லை. கணவர் உறங்கட்டும் என்று அன்பினால் காத்திருந்தார். உறக்கம் வேறு, மயக்கம் வேறு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எவரும் இல்லை. அந்த வேறுபாட்டை இந்த அவையிலுள்ள ஒவ்வொருவர் நெஞ்சிலும் பதிப்பதே நம் உரையின் நோக்கம்.

ஒன்றும் ஒன்றும் இரண்டல்ல

உறங்கும் மனிதனின் மூளை உறங்கிவிடுவதில்லை. அதன் அடிப்பகுதியில் முகுளம் என்னும் பாகம் இரவு முழுதும் விழித்திருந்து மூச்சை நடத்துகிறது. குருதியில் கரியமில வாயு மிகுந்தால் உடனே உணர்ந்து, “மூச்சை இழு” என்று கட்டளையிடுகிறது. தொண்டையில் ஏதேனும் சிக்கினால் இருமச் செய்கிறது. இந்தக் காவலாளி விழித்திருக்கும் வரையில்தான் உறக்கம் உறக்கமாக இருக்கும்.

நம் மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிப்பதற்குக் காபா என்னும் ஒரு வேதிப்பொருள் இயற்கையாகவே உண்டு. வண்டிக்குத் தடைக்கட்டை எப்படியோ, நரம்புக்குக் காபா அப்படி. டயசிபாம், நைட்ரசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம், சோல்பிடெம் போன்ற மாத்திரைகள் அந்தத் தடைக்கட்டையைக் கூடுதலாக அழுத்துகின்றன. மதுவும் அதே கட்டையை அழுத்துவதோடு, நரம்புகளைத் தூண்டும் வேறொரு வழியையும் அடைத்துவிடுகிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் விளைவை மற்றொன்று பெருக்குகிறது. மாத்திரை மட்டும் உண்டவர் விழித்தெழக்கூடும். மது மட்டும் குடித்தவரும் எழக்கூடும். அதே அளவு மாத்திரையும் அதே அளவு மதுவும் சேர்ந்தபோது எழாமற் போனவர்கள் உண்டு. கல்லீரலோ மதுவைக் கரைக்கும் வேலையில் அகப்பட்டுக்கொள்வதால், பல மருந்துகள் வழக்கத்தைவிட நெடுநேரம் குருதியிலேயே தங்கிவிடுகின்றன.

இப்படி அழுத்தம் மிகும்போது முகுளக் காவலாளியும் அயர்ந்துவிடுகிறான். மூச்சு மெதுவாகிறது, இடையிடையே நிற்கிறது. தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னோக்கிச் சரிகிறது. அப்போது எழும் ஓசையைத்தான் நாம் குறட்டை என்று கேட்டு மகிழ்கிறோம். அது அடைபட்ட மூச்சின் ஓலம். வயிற்றிலிருந்து வாந்தி மேலெழுந்தால், இருமி வெளியேற்றும் ஆற்றல் இல்லாமையால் அது நுரையீரலுக்குள் இறங்கி உயிரைக் குடிக்கிறது.

“இதற்கு முன் பலமுறை இரண்டையும் சேர்த்துக் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்பார் உளர். அந்த ஆறுதலை நம்ப வேண்டா. வெறும் வயிறு, சளி, முதுமை, கல்லீரல் நோய், உடற்பருமன் இவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்தால் நேற்றுப் பொறுத்த அளவை இன்று உடல் பொறுக்காது.

உலகம் கண்ட பாடங்கள்

இக்கேடு ஏழை எளியவரை மட்டும் தாக்குவதன்று. ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசப் ஃபான் மேரிங்கும் 1903-ஆம் ஆண்டு வெரோனால் என்னும் தூக்க மருந்தை அறிமுகம் செய்தார்கள். அது பார்பிட்டுரேட் என்னும் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்து மருந்துகளால் உலகெங்கும் எண்ணற்ற உயிர்கள் மடிந்தன. புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக் குழுவின் மேலாளராக விளங்கிய பிரையன் எப்ஸ்டைன், 1967 ஆகஸ்டு 27 அன்று இலண்டனில் தம் இல்லத்தில் இறந்து கிடந்தார். அகவை 32. தூக்க மருந்து சிறிது சிறிதாக உடலில் சேர்ந்து, மதுவோடு கூடியதால் நேர்ந்த விபத்து என்று மரண விசாரணையில் முடிவு செய்தார்கள்.

1960-ஆம் ஆண்டில் லிப்ரியமும் 1963-ஆம் ஆண்டில் வேலியமும் விற்பனைக்கு வந்தன. பழைய மருந்துகளைவிட இவை ஆபத்துக் குறைந்தவை என்று மருத்துவ உலகம் மகிழ்ந்தது. தனித்து, உரிய அளவில் உட்கொள்ளும்போது அது மெய்யே. ஆயின் மதுவோடு சேர்ந்தபோது அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில் கேரன் ஆன் குயின்லன் என்னும் 21 வயதுப் பெண், 1975 ஏப்ரலில் நண்பர்களின் விருந்தொன்றில் மது அருந்தினார். அமைதியூட்டும் மாத்திரையும் உட்கொண்டிருந்தார். தள்ளாடியவரை நண்பர்கள் வீட்டிற்கு அழைத்துச் சென்று படுக்கவைத்தார்கள். சிறிது நேரத்திற்குள் அவர்கள் திரும்பிச் சென்று பார்த்தபோது மூச்சு நின்றிருந்தது. பிறகு மூச்சு மீண்டதே ஒழிய மூளை மீளவில்லை. செயற்கைச் சுவாசக் கருவியை நீக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1976-இல் தீர்ப்பாகி, உலகமெங்கும் பேசப்பட்டது. பத்தாண்டுகள் நினைவின்றிக் கிடந்து 1985-இல் அவர் மறைந்தார். சட்டம் படிப்போர் அத்தீர்ப்பை நினைவிற் கொள்வர். நாம் நினைவிற் கொள்ள வேண்டியது, “தூங்கட்டும்” என்று படுக்கவைத்துவிட்டு வந்த அந்தச் சிறிது நேரத்தை.

மது இல்லாமலும் இக்கேடு நேரும். 2008 சனவரியில் நியூயார்க் நகரில் இறந்த திரைப்பட நடிகர் ஹீத் லெட்ஜரின் உடலில் 6 மருந்துகள் காணப்பட்டன. வலி மருந்துகள் இரண்டு. அமைதிக்கும் உறக்கத்திற்குமான மருந்துகள் மூன்று. ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரும் வகை மருந்து ஒன்று. அவற்றின் கூட்டு விளைவால் நேர்ந்த விபத்து என்று மருத்துவ அதிகாரி அறிவித்தார். அவருக்கு அகவை 28. அபின் இனத்து வலி மருந்துகளோடு இத்தகைய தூக்க மருந்துகளைச் சேர்ப்பது மூச்சை நிறுத்தும் என்று, 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் மருந்துறைகளிலேயே கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிட ஆணையிட்டது.

ஆகவே தூக்க மாத்திரை உண்போர் மதுவை மட்டும் விலக்கினால் போதாது. டிரமடால், டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்து, ஒவ்வாமைக்கும் சளிக்கும் தரும் உறக்கமூட்டும் மாத்திரைகள், வலிப்பு நோய்க்கான பினோபார்பிட்டோன், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், மனநோய்க்குத் தரும் சில மருந்துகள் யாவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. இவற்றை நோய்க்கேற்ப இணைத்துத் தர மருத்துவர் அறிவார். தாமே இணைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

நம் இல்லங்களில் நிகழ்வது

இனி, நம் வீடுகளில் இக்கலப்பு எவ்வெவ் வழியில் நுழைகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, குடியை விட முயல்வோர் இல்லம். குடியைத் திடீரென்று நிறுத்தினால் கைந்நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும். அதைத் தடுக்க மருத்துவர் சில நாட்களுக்கு குளோர்டயசிபாக்சைடு போன்ற மாத்திரையைத் தருகிறார். நல்ல மருந்துதான். ஆனால் மூன்றாம் நாள் கூட்டாளி அழைத்தான் என்று மீண்டும் குடித்துவிட்டு, இரவில் வழக்கம் போல் அம்மாத்திரையையும் விழுங்குகிறார் கணவர். குடியை விடத் தந்த மருந்தே குடியோடு கூடிக் கொல்கிறது. குடித்துவிட்டால் மாத்திரையைத் தராதீர்கள். மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தாய்மார்களே, உங்களுக்கே கூறுகிறோம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவர் அமைதியாகப் படுக்க வேண்டுமென்று, குழம்பிலோ பாலிலோ தூக்க மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. உங்கள் துன்பத்தை அறிவோம். அடி வாங்கியவருக்கே அதன் வலி தெரியும். ஆயினும் இதைச் செய்யாதீர்கள். ஓரிரவு அமைதிக்காகச் செய்தது கொலைப் பழியாக முடியலாம். வன்முறைக்கு எதிராக 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்னும் பெண்கள் உதவி எண் இருக்கிறது. கழகமும் துணை நிற்கும்.

மூன்றாவது, அறியாமலே நிகழும் கலப்பு. தெலுங்கானாப் பகுதியில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் டயசிபாமும் அல்பிரசோலமும் கலந்து விற்கும் கொடுமை நெடுங்காலமாக உண்டு. குடிப்பவர் கள் குடிப்பதாக எண்ணுகிறார். உள்ளே போவது தூக்க மருந்து. 2015-இல் அங்கே அத்தகைய கள்ளுக்குத் தடை வந்தபோது, அதற்குப் பழகிப்போன ஏழைத் தொழிலாளர்கள் வலிப்பும் பிதற்றலுமாக மருத்துவமனைகளில் குவிந்தார்கள். பிழைப்புத் தேடி வெளியூர் செல்லும் நம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது ஊரறிந்த சாவு. தூக்க மருந்துக் கலப்போ ஒவ்வொரு வீட்டிலாக, ஒவ்வோர் இரவாகக் கொல்வதால் செய்தியாவதில்லை.

நான்காவது, இளைஞர்களே, உங்கள் பக்கம் வருகிறோம். மதுவில் வாடை வருமென்று அஞ்சி, மாத்திரையில் போதை தேடும் கூட்டம் நகரங்களில் பெருகிவருகிறது. வலி மாத்திரையையும் நைட்ரசிபாமையும் கள்ளத்தனமாக விற்போரைக் காவல்துறை அவ்வப்போது பிடிக்கிறது. “இது மருந்துதானே, மருந்துக் கடையில் விற்பதுதானே” என்று நண்பன் சொல்வான். அவன் சொல்வதில் பாதிதான் உண்மை. மருந்தாக்குவதும் நஞ்சாக்குவதும் அளவும் சேர்க்கையுமே.

இன்னொன்றையும் கூறவேண்டும். “நேற்றிரவுதானே மாத்திரை உண்டேன், இன்று மாலை குடித்தால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். டயசிபாமின் பாதியளவு உடலை விட்டு நீங்கவே ஒரு நாள் முதல் இரண்டு நாட்கள் வரை ஆகும். அது உடலில் மாறி உருவாகும் பொருள் இன்னும் நெடுநாள் தங்கும். ஆகவே ஒரே வேளையில் உண்டால்தான் கலப்பு என்பதில்லை. ஓட்டுநராகவும் இரவுக் காவலராகவும் பணிபுரியும் தம்பிமார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு உண்ட மாத்திரை காலையில் வண்டியோட்டும் கையைத் தளரச் செய்யும்.

ஆபத்து வேளையில் செய்ய வேண்டியவை

குடித்தோ மாத்திரை உண்டோ படுத்திருப்பவரை முதலில் பெயர் சொல்லி உரக்க அழையுங்கள்; தோளைத் தட்டுங்கள். கண் திறந்து மறுமொழி சொன்னால் உறக்கம். சொல்லாவிட்டால் மயக்கம். மூச்சை எண்ணுங்கள். நிமிடத்திற்கு எட்டுக்குக் குறைந்தாலும், இரு மூச்சுகளுக்கிடையே பத்து விநாடி இடைவெளி விழுந்தாலும், களகளவென்ற ஓசை வந்தாலும், உடல் குளிர்ந்து வியர்த்தாலும், அது பேராபத்து. நம் நிறத்தில் தோல் நீலம் பாரிப்பது எளிதில் தெரியாது. உதட்டின் உட்புறத்தையும் நகத்தின் அடியையும் விளக்கொளியில் பாருங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரையில் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலிருக்கும் காலை மடக்கி, முகம் சற்றே கீழ்நோக்கியிருக்கச் செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், காப்பி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரல்விட்டு வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அவரைத் தனியே விட்டு அகலாதீர்கள். மூச்சே நின்றுவிட்டால், மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து விரைந்து அழுத்திக்கொண்டேயிருங்கள். 108-இல் பேசுவோர் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். அவர் உண்ட மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்கு அந்த அட்டை பெரிய சான்று.

“போலீசு வழக்காகிவிடுமே, மானம் போய்விடுமே” என்று தயங்கி விடியும் வரை காத்திருந்து உயிரை இழந்த குடும்பங்கள் பல. மனம் நொந்து உயிரை மாய்க்க முயன்றவரையும் தண்டிக்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதிக் காக்க வேண்டும் என்றுதான் 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது. மனச்சுமை தாங்க முடியாதோர் எவ்வேளையிலும் 14416 என்னும் எண்ணில் பேசலாம். குடியையும் போதையையும் விட விரும்புவோர்க்கு 14446 என்னும் எண் உண்டு. இரண்டிற்கும் கட்டணமில்லை.

மறைக்காமற் சொல்லுங்கள்

மாத்திரையைக் கைவிட விரும்பினாலும் திடீரென்று நிறுத்தலாகாது. நெடுநாள் உண்டவர் ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உறக்கமின்மைக்கு முதல் மருத்துவம் மாத்திரையன்று, பழக்கங்களைத் திருத்தும் பயிற்சியே என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. ஒரே நேரத்தில் எழுதல், உறக்கம் வந்தபின்பே படுக்கைக்குச் செல்லல், மாலைக்குப் பின் தேநீர் காப்பியை விடுதல் முதலியன அதில் அடங்கும். மது உறக்கம் தரும் என்பதும் பொய்யான நம்பிக்கை. அது விரைவில் கண்ணை மூடச் செய்து, பின்னிரவில் உறக்கத்தைக் கலைத்துவிடுகிறது.

2013-இல் அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 என்னும் பட்டியலில் அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் முதலியன இடம்பெற்றுள்ளன. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் காக்க வேண்டும். சட்டம் இருந்தும் சீட்டில்லாமல் மாத்திரை நீட்டும் கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்காதிருப்பது நம் கையில் இருக்கிறது.

மருத்துவரிடம் செல்லும் நம்மவர் குடிப்பதை மறைக்கிறார்கள். காரணம் நமக்குத் தெரியும். “இவர்கள் குடிகாரக் கூட்டம்” என்ற இழிசொல்லைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்டவர்கள் நாம். அச்சொல்லுக்கு அஞ்சி உண்மையை மறைக்கிறோம். அறியாத மருத்துவர் தூக்க மாத்திரையை எழுதித் தருகிறார். இழிசொல்லுக்கு அஞ்சி உயிரைக் கொடுக்கலாமா? “ஐயா, நான் குடிப்பதுண்டு. இந்த மாத்திரையை உண்ணலாமா?” என்று தலைநிமிர்ந்து கேளுங்கள். அது நோயாளியின் உரிமை. ஏளனம் செய்தால் வேறு மருத்துவரிடம் கேளுங்கள், கழகத்திடம் முறையிடுங்கள். டாக்டர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. அவ்வுறுதியை எட்டாதவர் நம்முள் இருக்கலாம். எட்டும் வரையில் அவரும் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா?

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், பாட்டன் பாட்டி, தாய் தந்தையர் உண்ணும் மாத்திரை அட்டைகளை எடுத்துப் படியுங்கள். சிவப்புக் கட்டத்திற்குள் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். புரியாத பெயரை எழுதிக்கொண்டு மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். நம் முன்னோர் எழுத்தறிய உரிமையற்றிருந்தார்கள். 25 ஆண்டுகளாக இக்கழகம் உங்களுக்குத் தந்த எழுத்தறிவு, ஒரு தகப்பனை ஓர் இரவு காத்துக் கொடுக்குமானால், இக்கழகம் பட்ட பாடெல்லாம் பலித்தது என்று கொள்வோம்.